துவைக்கக் கொடுத்த சட்டை

"யூனிஃபார்ம் எங்கே?"

"துவைக்கக் கொடுத்திருக்கேன்."

"யார்கிட்ட?"

"ஃபயர் ஸ்டேஷனுக்குப் பின்தெருவுல ஒரு பொண்ணுகிட்ட."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் துணியை அவள்தான் துவைக்கிறாள். இப்போதோ தீயை அணைத்துவிட்டு அங்கேயே குளித்து, வேறு சட்டை மாட்டி, புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறான். மாசமாக இருக்கிறவளை வீட்டில் வைத்துவிட்டு இந்த அலங்காரம் யாருக்காம்?

மறுநாள் அவனுக்குத் தெரியாமல் பின்தெருவுக்கே போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் அவன் துணி மூட்டையை நீட்ட, உள்ளிருந்து வளையல் போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது. சிரிப்புச் சத்தம் வேறு.

அன்று மாலை அவனை ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

"நான் துவைச்சா வெளுக்காதோ? ஐயாவுக்கு அவ கைதான் கேக்குதோ?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அடிப்பாவி. இப்பல்லாம் கிடங்குல எரியுறது சிந்தெடிக் என்ஜின் ஆயில். எரிஞ்சா அந்தப் புகையே விஷம். கரி துணியில ஒட்டிக்கும், தோல் வழியா உடம்புக்குள்ள போகும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு நீ அதைக் கசக்கலாமா? சொன்னா பயந்துடுவேன்னுதான் சொல்லல."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று கூசிப்போனாள். கூடவே, வேறு எவளுக்குக் கிடைப்பான் இப்படி ஒருவன் என்று தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தப் பெண்ணை மனசுக்குள் கண்டபடி திட்டியதை நினைத்தால்தான் உறுத்தியது. மறுநாள் ஒரு பை ஆப்பிளோடு பின்தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

இடுப்பில் கை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவளுக்கும் வயிறு மேடிட்டிருந்தது. கை முழங்கை வரை கரி. துணி கொடுக்கிறவரின் மனைவி என்று இவள் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"சார் வீட்டம்மாவா? உள்ள வாங்கக்கா. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. பொண்டாட்டி கை நோகக் கூடாதுன்னு எந்தப் புருஷன் வெளிய கொடுத்துத் துவைக்கிறான்?"

இவள் அந்தக் கரி படிந்த கையையே பார்த்தாள்.

"நீ... கைக்கு க்ளவுஸ் போட்டுக்கறதில்லையா?"

"எதுக்குக்கா? வெறும் எண்ணெய்க் கறைதான்னு சார் சொன்னாரே."