மூன்றாவது பல்பு

"இதுவும் சரியில்லைன்னா உங்க முதலாளிகிட்டதான் பேசுவேன்," என்றார் வீட்டுக்காரர்.

எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறினார். குளியலறைக் கண்ணாடிக்கு மேலே அவர் மாட்டும் மூன்றாவது பல்பு இது. முதலில் போட்டது இதமான இளமஞ்சள் வெளிச்சம். 'மூஞ்சி மஞ்சளா தெரியுது' என்று கடைக்குப் புகார் போனது. அடுத்து வெள்ளை போட்டார். அதற்கும் அதே புகார்தான். "இன்னொரு தடவை போன் வந்தா நீ வேற வேலை பாத்துக்கோ," என்று முதலாளி காலையில் கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்று கொண்டுவந்தது பல் டாக்டர்கள் பல்லின் உண்மையான நிறம் பார்க்கப் போடுகிற பல்பு. சுவிட்சைத் தட்டினார்.

வீட்டுக்காரர் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியை அழைத்தார். "நீயே பாரு. மஞ்சளா இல்லையா?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஆமாங்க, கொஞ்சம்கூட மாறல. ஏம்ப்பா, எங்களைப் பாத்தா ஏமாளி மாதிரி இருக்கா?"

வீட்டுக்காரர் போனை எடுத்து முதலாளியின் நம்பரைத் தேடினார்.

எலக்ட்ரீஷியன் அவசரமாகச் சுற்றிப் பார்த்தார். வாஷ்பேசின் உப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. கொடியில் கிடந்த துண்டும் வெள்ளைதான்.

"ஒரு நிமிஷம் சார். கையை நீட்டுங்க. அம்மா, நீங்களும்."

இரண்டு கைகளும் வெளிச்சத்தில் அருகருகே நீண்டன. மனைவியின் பார்வை தன் கையிலிருந்து கணவரின் கைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணும் மஞ்சளாத்தான் இருக்கு சார்," என்றார் எலக்ட்ரீஷியன் மெதுவாக. "முதலாளிகிட்ட அப்புறம் பேசிக்கலாம். முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க."