ஐஸ் பெட்டியின் கோளாறு

பெட்டி குளிரவில்லை என்று காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் போன் வந்ததும், மெக்கானிக் முத்திருளன் அந்தத் துக்க வீட்டுக்கு ஓடிவந்தான். இறந்தவரின் மகன் துபாயிலிருந்து வந்து சேர நாளை மதியமாகிவிடும். அதுவரை உடல் தாங்க வேண்டும். கம்ப்ரசர் சரியாக ஓடியது, கேஸும் குறையவில்லை. குளிரைக் கூட்டும் குமிழை மட்டும் இந்தத் தடவையும் யாரோ ஒன்றாம் எண்ணுக்குக் குறைத்திருந்தார்கள். முதல் இரண்டு முறை பிள்ளைகளின் சேட்டை என்று நினைத்தான். இப்போது குமிழை முழுக்கக் கூட்டிவிட்டு, ஓரமாய் நின்று பார்த்தான். தலைமாட்டில் இருந்த, இறந்தவரின் மனைவி ஜெகதா, மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து குமிழை மறுபடி குறைத்தாள்.

அருகில் போய் மெதுவாகக் கேட்டான்: "ஏம்மா இப்பிடிச் செய்றீங்க?"

"மார்கழியில ஃபேனே போட விடமாட்டாருய்யா. காதுல காத்துப் பட்டாப் போதும், அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டாரு."

மூடியின்மேல், உள்ளே துணி வைக்கக் கூடாது என்று கம்பெனி ஒட்டிய தாள் இருந்தது. முத்திருளன் அதை ஒருமுறை பார்த்தான்.

"குல்லா வச்சிருப்பாருல்ல? எடுத்துட்டு வாங்க."

பழுப்புக் குல்லாவை அவனே போட்டுவிட்டு, இரண்டு காதும் மூடும்படி இழுத்துவிட்டான். மூடியைச் சாத்திவிட்டுக் குமிழைத் தொடாமல் நின்றான்.

ஜெகதா கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தானே குமிழைக் கடைசி எண்வரை திருப்பினாள்.