சுவரில் தொங்கிய தைரியம்

"தீயணைப்பான் வாங்கி மாட்டுற வரைக்கும் இந்த லேசர் மிஷின் ஓடக்கூடாது, சொல்லிட்டேன்!" தையல்காரி ஒற்றைக்காலில் நின்றாள். இருந்ததே ஓர் அறை. இந்தப் பக்கம் அவளுடைய துணிகள், அந்தப் பக்கம் கணவனின் பலகைகள்.

"பொழுதுபோக்குக்குப் பொம்மை வெட்டுறேன், ராக்கெட்டா விடுறேன்?" என்றான் அவன். "இந்த மிஷின்ல செய்ய முடியாத சாமானே கிடையாது. அதோட அருமை உனக்கெங்க தெரியும்!"

ஆனாலும் மறுநாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, சுவரில் எட்டாத உயரத்தில் அது சிவப்பாகத் தொங்கியது.

"இப்ப திருப்தியா? ஏறி ஏறித் தொட்டுப் பாக்காதே, அதுல மாட்டியிருக்கற பின்னு கழண்டுடும்."

அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதன்பிறகு அவள் மிஷினைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்றாவது மாதம், மிஷினை ஓடவிட்டுவிட்டு அவன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே பலகை பற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் தீயணைப்பு அதிகாரி கேட்டார்: "கதவு திறந்துதானே இருந்துச்சு? வெளிய ஓடாம ஏம்மா உள்ளயே நின்னீங்க?"

அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு.

"தீயணைப்பான் இருக்குங்கற தைரியம் சார். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சு. பலகையில வெட்டி, சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கார். என் கையிலயே பத்திக்கிச்சு."

தலைகுனிந்து நின்ற கணவனைப் பார்த்தாள்.

"இவர் செஞ்ச பொம்மையிலயே அதுதான் சார் அச்சு அசலா இருந்துச்சு."