ஏரிக்கு வடக்கே

திரையில் இருந்தது கலெர்வோவின் காடு, கலெர்வோவின் கூடை, கூடைக்குள் அவர் பறித்த பொன்மஞ்சள் கான்டரெல்லி காளான்கள். கீழே இருந்த பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

"மொத்தம் நூத்திப் பன்னெண்டு பதிவு. ஒரு கமாவைக்கூட விட்டு வைக்கல," என்றார் கலெர்வோ.

நகர நூலகத்தில், கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு மேசை உண்டு. அதில் இருந்த ஹென்னா இரண்டு தளங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்தில் வித்தியாசமே இல்லை.

எந்த மழைக்கு எத்தனை நாள் கழித்துக் காளான் முளைக்கும், மண்ணை எப்படித் தட்டி எடுப்பது, வெண்ணெயை எப்போது போடுவது என்று பதினோரு வருடமாகக் கலெர்வோ தன் வலைப்பூவில் எழுதி வருகிறார். ஒரு நாளைக்கு நாற்பது பேர் படிப்பார்கள். திருடியவனை நாலாயிரம் பேர் படித்தார்கள்.

தன்னால் முடிந்ததை அவர் செய்யாமல் இல்லை. கூரைக்குப் பூசும் பெயின்டையும் முடி வளரும் தைலத்தையும் விற்கிறவர்கள் வந்து குவிகிறார்கள் என்று கருத்துப் பெட்டியை ஏற்கெனவே மூடியிருந்தார். இப்போது பதிவுகளை நகலெடுக்க முடியாதபடி பூட்டினார். பூட்டிய மறுநாளே புதிய பதிவும் அந்தத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீங்க போட்டிருக்கறதும் சின்னதாக்கின படம், அவர் போட்டிருக்கறதும் அதே சின்னப் படம்," என்றாள் ஹென்னா. "யாரு எடுத்ததுன்னு பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க போன்ல அசல் படம் இருக்கும்ல? எப்ப எடுத்தது, எந்தப் போன்ல எடுத்ததுன்னு எல்லாமே அதுல பதிஞ்சிருக்கும். அந்தத் தளத்துக்குப் புகார் எழுதி, அதையும் சேர்த்து அனுப்புங்க."

கலெர்வோ எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அனுப்பியதோடு நிற்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, வலைப்பூவில் இருந்த சின்னப் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு அசல் படங்களையே போட்டார். கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை சவுனா என்கிற நீராவி அறையில் குளித்து முடித்து, மனைவி ஐலாவின் அண்ணன் தாய்ஸ்தோ காபி குடிக்க உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரொட்டியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல மாப்ள. காளான் ஏரிக்கு வடக்கே கிடைச்சுதுன்னு எழுதுறீங்க. அது பொய்யி. என் பொய்யத் திருடிட்டான்னு புகார் குடுத்திருக்கீங்களா?"

பொய்தான். பின்லாந்தில் காளான் பறிக்கிற இடத்தை யாரும் உண்மையாகச் சொல்வதில்லை. காடு யாருக்குச் சொந்தமானாலும் காளானை எவரும் பறிக்கலாம் என்பது சட்டம் என்பதால், நல்ல இடம் கிடைத்தவருக்கு வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வேலி கிடையாது. கலெர்வோ அந்த இடத்தை இருபத்தாறு வருடமாக ஐலாவிடம்கூடச் சொன்னதில்லை. வலைப்பூவை நம்பி இரண்டு முறை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏரிக்கு வடக்கே போன தாய்ஸ்தோ, கொசுக்கடியோடு திரும்பி வந்தார்.

"பொய்யோ மெய்யோ, எழுதினது நான்," என்றார் கலெர்வோ. "என்னோடத இன்னொருத்தன் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மூன்றாவது வாரம் பதில் வந்தது. திருடன் மிகவும் மரியாதை தெரிந்தவனாக இருந்தான். மன்னிப்புக் கேட்டு, நூற்றுப் பன்னிரண்டையும் அழித்துவிட்டதாக எழுதியிருந்தான். அத்தோடு, கலெர்வோ கேட்காமலேயே, அழித்த ஒவ்வொரு பக்கத்திலும் இது யாருடையது என்று பெயரைப் போட்டு, அசலைப் பார்க்க இங்கே போகவும் என்று அவருடைய வலைப்பூவுக்கு வழியும் வைத்திருந்தான்.

அன்று ஒரே நாளில் மூவாயிரத்து எழுநூறு பேர் வந்தார்கள். கலெர்வோ ஐலாவைக் கூப்பிட்டு எண்ணிக்கையைக் காட்டினார். தாய்ஸ்தோவுக்குப் போன் செய்து திருடனின் கடிதத்தை முழுவதுமாகப் படித்துக் காட்டினார். தாய்ஸ்தோ வாழ்த்துச் சொன்னார். நானும் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் நல்ல மழை. மழை விட்டு எட்டாம் நாள் காலை, கலெர்வோ கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குத் தெற்கே காரை ஓட்டினார்.

காட்டுப் பாதை முடிகிற இடத்தில் ஆறு கார்கள் நின்றன.

ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு அடியில் பாசி நசுங்கிக் கிடந்தது. மஞ்சள் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. கத்தியால் அறுத்த தண்டுகளின் வெளிறிய அடிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரும் தலையசைத்தார். சட்டப்படி அதற்கு மேல் அவளிடம் சொல்ல அவருக்கு எதுவும் இல்லை.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் தாய்ஸ்தோ உட்கார்ந்திருந்தார். காலடியில் இரண்டு வாளிகள், இரண்டும் நிறைந்திருந்தன.

"வாங்க மாப்ள," என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

கலெர்வோ உட்கார்ந்தார். தன் காலி வாளியை அந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். பிறகு, அந்தத் திருட்டுப் பயல் எப்படியோ இடத்தைக் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டானா என்று கலெர்வோ மெல்லக் கேட்டார்.

தாய்ஸ்தோ பிளாஸ்க்கின் மூடியில் காபியை ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"அவன் போட்ட படத்துல லொகேஷனே இல்ல மாப்ள. உங்க அசல் படத்துலதான் இருந்துச்சு."