நீலப் படங்கு

“உந்த நீலப் படங்கைக் கழட்டுங்கோவன். பிளேனிலை போற சனமும் பார்த்துச் சிரிக்கும்” என்றாள் என் மனைவி யூஜினி. பின்வளவுக் கொட்டில் ஒழுகுகிறதென்று முந்தின வருடம் நான் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்ப் படங்கு அது.

“நாளைக்குக் கழட்டுறன்” என்றேன். அவள் என்னுடைய பெரிய குளிர்ச்சட்டையைக் கொழுவிக்கொண்டு எங்கள் தெருவுக்குக் கடிதங்கள் வந்து சேரும் தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போனாள். கடிதம் எடுக்கிற வேலையை ஒருநாளும் என்னிடம் விட்டதில்லை. அன்றைக்குப் போன வழியிலேயே விழுந்துவிட்டாள். மாரடைப்பு.

அவளுடைய உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்கு எனக்குத் தெரியாத இளம் தாய்மார் வரிசையாக வந்து அழுதார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, “அங்கிள், மெயில் எடுத்தனீங்களோ?” என்று கேட்டார்கள். கனடாவில் துக்கம் விசாரிக்கும் முறை இப்போது இப்படியாக்கும் என்று எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

ஜெயமலர் என்ற பிள்ளைதான் தபால்பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். “உங்களுக்கு ஏன் கரைச்சல் அங்கிள், நான் எடுத்துத் தாறன்” என்றாள். பக்கத்துத் தெருப் பிள்ளையாக இருக்கும், நல்ல மனசு என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கிற நேரத்தில் அதை எல்லோருக்கும் விளக்குவேன்.

முக்கியமாக, நல்ல பள்ளிக்கூடத்துக்காக இன்னொருவர் விலாசத்தைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கிற நம்முடைய சனத்தைப் பற்றி. “கள்ள விலாசத்திலை படிக்கிற பிள்ளை நாளைக்கு எப்பிடி நேர்மையா வரும்?” என்று கேட்பேன். சரியாக அந்த இடத்தில் யூஜினி கோப்பி ஊற்ற எழுந்து போய்விடுவாள். என் பேச்சின் பாரம் தாங்காமல் போகிறாள் என்று எனக்கு ஒரு பெருமை.

பனி கரைந்த பிறகு ஒருநாள் ஜெயமலர் வந்தாள். எங்கள் வோபர்ன் பகுதியில் இந்தத் தெருவுக்கென்று இருக்கிற ஆரம்பப் பள்ளியில் இடம் போதவில்லையாம். எல்லையை மாற்றி, எங்கள் தெருவைப் பெரிய றோட்டுக்கு அப்பால் உள்ள பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம்; அதற்குத் தெருச் சனத்தின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டமாம்.

“என்ரை நிரூபா வகுப்பிலை ஒரு வருஷமா வாய் திறக்கேல்லை அங்கிள். இப்பதான் அந்த ரீச்சரோடை கதைக்கத் துடங்கியிருக்கிறாள். அங்கையிருந்து எடுத்தா திரும்பவும் வாயை மூடிப்போடுவாள்.” தபால்பெட்டிச் சாவியைக் கையில் உருட்டினாள். “கூட்டத்திலை அன்ரிதான் கதைக்கிறதா இருந்தவ. நீங்கள் வந்து, ‘நான் இந்தத் தெருவிலை கனகாலமா இருக்கிறன், மாத்தாதேங்கோ’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“மட்டும்” என்ற சொல் என் காதில் விழவில்லை. ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன்.

கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் வைத்திருந்தார்கள். எனக்கா என்று கையால் விலக்கிவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

எங்கள் தெருவில் இருப்பது முழுக்கக் கிழடுகள், அங்கே பிள்ளைகளே குறைவு, அந்தத் தெருவை வெட்டி உங்களுக்கு ஒரு கதிரைகூட மிஞ்சாது, உங்கள் கணக்கே பிழை என்று வெளுத்து வாங்கினேன். ஜெயமலர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “காணும் அங்கிள், இருங்கோ.” கூச்சப்படுகிறாள், பாவம் என்று இன்னும் குரலை உயர்த்தினேன்.

அதிகாரி பொறுமையான பெண். ஆகாயத்திலிருந்து எடுத்த எங்கள் தெருவின் படத்தைத் திரையில் போட்டாள். ஒரு பிள்ளைக்கு ஒரு சிவப்புப் புள்ளி. தெரு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரேயொரு கூரையில் மட்டும் அம்மை போட்டதுபோல் ஏழு.

ஒரு வீட்டில் ஏழா என்று நான் சிரித்தேன். சபையும் சிரித்தது. சபை சிரித்தால் எனக்குக் கால் நிலத்தில் நிற்காது.

இது கள்ள விலாசம், பிடியுங்கள் அந்த வீட்டுக்காரனை என்றேன். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று பின்வளவைப் பார்த்தாலே தெரியவில்லையா, கொட்டிலுக்கு மேலே நீலமாக எதையோ இழுத்துக் கட்டி...

மைக்கோடு திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

“அங்கிள்” என்றாள் ஜெயமலர், எனக்கு மட்டும் கேட்கும்படி. “உது உங்கடை வீடு.”

அதிகாரி பேனாவை எடுத்தாள். இந்தப் புள்ளிகள் பிழை என்கிறீர்களா, அப்படியென்றால் அந்த விலாசத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டியிருக்கும் என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெயமலர் தலையைக் குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மலர்ச்சாலையில் அழுத முகங்கள் ஒன்றும் குறையாமல் வரிசையாக இருந்து என்னையே பார்த்தன.

ஒரு கிழமை பழகிய ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

“தம்பி, அவவுக்குச் சொல்லுங்கோ. அந்தப் படங்கை இன்னும் கழட்டாதவன் நான்தான். ஏழும் எங்கடை பிள்ளையள்.”