மங்கலான சுவர்

மாமாவின் கட்டைவிரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல், சுவரில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளைக் கத்தியால் கிழித்துக் கிழித்து எறிந்துகொண்டிருந்தார்.

"மாமா, கத்தியை இப்படிக் குடுங்க. ஒட்டுனவன் நான், பிய்க்கவும் எனக்குத் தெரியும்" என்றான் மச்சினன். சுவர்களுக்குத் தாள் ஒட்டுவது அவன் தொழில். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் 'பசை'.

"நீ ஒட்டுன லட்சணம்தான் தெரியுதே! ரூமே மங்கலா கிடக்கு. நாளுக்கு நாள் வெளிச்சம் குறையுது."

அது ஜன்னல் இல்லாத பின்னறை. பல வருஷம் ராத்திரி லாரி ஓட்டிய மாமா, போன வருஷம் ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த அறைக்குள் விளக்கு வைத்துக் கீரைக் கன்று வளர்ப்பதுதான் குடும்பத்துக்குப் பிழைப்பு.

விளக்கின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பினால்தான் அடியிலை வரைக்கும் போகும். அதற்காக முதலில் வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். "துவைக்காத சட்டை மாதிரி இருக்கு" என்றார் மாமா.

அடுத்தது அலுமினியத் தாள். அது கசங்கிய இடங்களில் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவிந்து, ஒரு தட்டுக் கன்று கருகிப்போனது. பசையின் அக்காதான் மாமாவின் மனைவி. அவள் அந்தத் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"வெளிச்சமே இல்லாத ரூம்ல செடி எப்படிடி கருகும்? வெந்நீர் ஊத்துனியா?"

மாமா கடைசித் துண்டைக் கிழிக்கும்போது அக்கா மெதுவாகத் தம்பியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பயமா இருக்குடா. நேத்து உள்ள வந்து பாத்தா, லைட்டுக்கு ஒரு சாண் பக்கத்துல மூஞ்சை வச்சுக்கிட்டு அதையே முறைச்சுட்டு நிக்கிறாரு. கூப்பிட்டாலும் திரும்பல."

"பேய் ஏதாச்சும் பிடிச்சிருக்குமோ?"

"என்னடா சொல்ற!"

"சேச்சே, இருக்காதுக்கா. நீ இருக்கற வீட்டுக்குள்ள வர்றதுக்கு அதுக்கு ஏது தைரியம்?"

அக்கா சிரிக்கவில்லை.

"அங்க என்ன குசுகுசு?" மாமா திரும்பினார். கையில் கத்தி அப்படியே இருந்தது. "எனக்கு எல்லாம் தெரியும். நான் உள்ள வரும்போதெல்லாம் இவ அந்த லைட்டுக் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைச்சு வைக்கிறா."

"நான் எதுக்குங்க குறைக்கணும்?"

"என்னைப் பைத்தியக்காரன் ஆக்கத்தான்!"

அவர் கதவை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு ஒட்டு மாப்ள. உன்கிட்ட இருக்கறதுலயே பளபளப்பானதை ஒட்டு. அதுலயும் மங்கலா இருந்துச்சுன்னா, குத்தம் சுவர்ல இல்ல, இவகிட்ட. அப்புறம் உங்கக்காவை நீயே உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேணாம்."

பசை வெள்ளி ஷீட்டைப் பிரித்தான். அவனிடம் இருந்ததிலேயே உசத்தி அதுதான். செடி விளக்குகளை அணைத்துவிட்டு, கதவோரத்துச் சின்ன பல்பின் வெளிச்சத்தில், மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக ஒட்டினான். ஒரு சுருக்கமோ, ஒரு காற்றுக் குமிழியோ விழவில்லை. அக்காவின் வாழ்க்கையையே தேய்த்துத் தேய்த்து ஒட்டுவதுபோல இருந்தது அவனுக்கு.

அவ்வளவு நேரமும் மாமா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கத்தி. சின்னச் சத்தம் கேட்டாலும் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

நாலு சுவரும் முடிந்தன. பசை தன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றை நீட்டினான்.

"இது பொல்லாத ஷீட், மாமா. இதை மாட்டிக்குங்க. கண்ணு கூசும்."

"கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு மங்கலை மறைக்கப் பாக்குறியா?" அதைத் தட்டிவிட்டார். எழுந்து விளக்குகளுக்கு நேர் கீழே போய் நின்றார். "ம், ஆகட்டும்."

அக்கா குமிழை மெல்ல, சத்தமே இல்லாமல், கடைசிவரை திருகினாள்.

அறை வெளிச்சத்தால் நிரம்பி வழிந்தது. அக்கா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே பசைக்கு நீர் கொட்டியது. கன்றுகளின் இலையில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது.

'பிழைச்சே அக்கா' என்று நினைத்துக்கொண்டான். இதற்கு மேல் யார் குறை சொல்ல முடியும்?

மாமா முகத்தை மேலே தூக்கி, கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இமைக்கவில்லை. கத்தி மட்டும் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, அக்கா நிற்காத ஒரு மூலையைப் பார்த்துத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"ஏன் சும்மா நிக்கிற? லைட்டைப் போடு."