நடுப்பக்கம்

"இந்தத் துர்கா பூஜைக்கு ரிலீஸ்னு கீழே போட்டுடலாமா?" என்று கேட்டான் சிபி.

"தேதியெல்லாம் வேண்டாம். போன தடவை போட்டுட்டுத்தானே பட்டோம்" என்றாள் அவன் மனைவி மிருதுளா.

இருவருக்கும் பிழைப்பே இதுதான். அவன் சினிமா போஸ்டர் வடிவமைப்பவன். அவள் ஒரு வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பவள். கொல்கத்தாவின் பெஹாலாவில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. சித்திரை மாதத்தில் வரும் கால்பைசாகி என்ற கோடைப் புயல்மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சுவர், கட்டில், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மஞ்சளாக்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் எதை நினைத்தாலும் நடக்கும் என்று தோன்றியது.

இது அவர்களுடைய சொந்தப் படம். போன வருடமும் ஒன்று ஆரம்பித்தார்கள். ஆசை தாங்காமல் போஸ்டர் செய்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். கொஞ்ச நாளிலேயே அது நின்றுபோனது. பௌதி என்று அவர்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணி முதல் மதுரைச் சொந்தங்கள் வரை, என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. மிருதுளா பல நாள் அழுதாள். சிபி அவளுக்குத் தெரியாமல் அழுதான்.

இந்தத் தடவை போஸ்டரை யாருக்கும் அனுப்புவதில்லை என்று பேச்சு. ஆனால் செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சிபி திரையின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று போட்டு, முகம் இங்கே என்றான்.

"ஹீரோவா, ஹீரோயினா?" என்று கேட்டாள்.

"கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. ரிலீஸ் அன்னிக்குத்தான் தெரியும்."

யாராக இருந்தாலும் சரி, நல்லபடியாக வெளியே வந்தால் போதும் என்றான் அவன்.

மிருதுளா மவுஸை வாங்கிக்கொண்டாள். பத்திரிகையின் நடுப்பக்கம் போலப் அடுத்தடுத்து இரண்டு பக்கங்களைத் திறந்து, அவன் போட்ட வட்டத்தை வலப்பக்கத்துக்குத் தள்ளினாள்.

"முகம் நடுவுலதாண்டி வரணும்."

"நடுவுல வெச்சா மடிப்புல போயிடும்."

இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே டைட்டிலா, வானமா, இரண்டு வரிக் கவிதையா என்று அவன் வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் அந்த வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

"மிருது, இதுவும் நின்னுடுச்சா?"

மத்தியானம் அவனிடம் சொல்லாமல் தனியாகக் காளிகாட்டில் உள்ள ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுத்துவந்த ஸ்கேன் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ரெண்டு குழந்தைக்குமே ஹார்ட்பீட் நல்லா இருக்காம், சிபி."